கழுதை டேட்டா

போன மாதம் உங்கள் ஆய்வுகூடத்துக்கு என்னைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற ஒருத்தியை நினைவு வைத்துக் கூப்பிட்டது சந்தோஷம். றோல்ஸ் சூடாக இருந்தது, கதிரை கொண்டுவந்து போட்டீர்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. பிறகு உங்களில் ஒரு தம்பி திரையில் தன் படங்களைக் காட்டினார். ஒரு காலின் தசை. இளகிய இடம் நீலம், இறுகிய இடம் பச்சை, கரையெல்லாம் வழுவழுவென்று, பார்க்க அத்தனை அழகு. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"இந்த அளவுக்கு மேல போற பெறுமானங்களை என்ன செய்யிறீங்கள், தம்பி?"

"அது குப்பை மிஸ். சொஃப்ட்வெயரே தூக்கிப் போடும்."

எல்லோரும் தலையாட்டினீர்கள். எனக்குக் கையில் தட்டு, வாயில் றோல்ஸ், பக்கத்தில் உங்கள் தலைவர் சிரித்துக்கொண்டு நின்றார். ஆகவே பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அந்தக் குப்பையைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று தெரிகிறது. நான் சொல்கிறேன். கோபமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நம் வேலை என்ன என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வைத்தியர் விரலால் அமத்திப் பார்த்துத் தசை இறுகியிருக்கிறதா, இளகியிருக்கிறதா என்று அறிவார். ஆழத்துக்கு விரல் போகாது. அதனால் தோலில் ஒரு சின்ன அதிர்வுப் பெட்டியைக் கட்டி விடுகிறோம். அந்த நடுக்கம் தசைக்குள் பரவும். இறுகிய இடத்தில் வேகமாக, இளகிய இடத்தில் மெதுவாக. ஸ்கான் கருவி ஒவ்வொரு புள்ளியும் எப்படி அசைந்தது என்று பதிந்து தரும். அந்த அசைவிலிருந்து பின்னோக்கிப் போய், ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கடினம் என்று கணக்கிட்டுப் படமாகப் போடுவதுதான் நம் தொழில்.

இதில் ஒரு சிக்கல். ஒரே அசைவைப் பல படங்கள் விளக்கும். எது சரியான படம் என்று கணினிக்குத் தெரியாது. ஆகவே நாம் அதற்குச் சில நம்பிக்கைகளை முதலிலேயே ஊட்டிவிடுகிறோம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும் என்பது ஒன்று. உயிருள்ள தசை இந்த அளவுக்கு மேல் கடினமாக இருக்காது, இருந்தால் அது அளவைப் பிழை என்பது இன்னொன்று. இந்த நம்பிக்கைகளை யார் ஊட்டினார்கள், யாருடைய உடம்பைப் பார்த்து ஊட்டினார்கள் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை மன்னாரில்தான் நான் கேட்கத் தொடங்கினேன்.

சண்டை முடிந்து சனங்கள் முகாம்களிலிருந்து ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். காயப்பட்ட கால்களின் தசையை அளந்து, யாருக்குப் பயிற்சி போதும், யாரைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்துத் தருகிற ஒரு திட்டம் வந்தது. கொழும்பில் ஒரு பேராசிரியர் தலைவர். பெயர் வேண்டாம், மனிதர் கெட்டிக்காரர்தான். மென்பொருளை அவருடைய ஆட்கள் எழுதியிருந்தார்கள். அதைப் பரீட்சித்தது பல்கலைக்கழகத்தில் கிரிக்கெட் விளையாடுகிற பெடியன்களின் கால்களிலும் ஜெலிக் கட்டிகளிலும். நான் தாராபுரத்தில் பிறந்தவள், ஊர்ப் பேச்சுத் தெரியும் என்று என்னை மன்னாருக்கு அனுப்பினார்கள்.

மன்னார் ரவுனில் ஒரு பழைய நெல் களஞ்சியத்தை எடுத்து ஸ்கான் அறை ஆக்கினோம். ஒரு மிஸ்ஸி, ஆஸ்பத்திரித் தாதி, கருவி பிடிப்பார், நான் கணக்கைப் பார்ப்பேன். வாசலில் நிழலுக்கு நாலைந்து கழுதைகள் எப்போதும் நிற்கும்; விரட்டினால் போகும், திரும்பினால் நிற்கும். கச்சான் காற்று வீசினால் தகரக் கூரை படபடக்கும். மின்சாரம் வரும், போகும். இவ்வளவுதான் எங்கள் வசதி.

என்னைப் பற்றியும் ஒரு சொல். முஸ்லிம்கள் எல்லோரும் வடக்கை விட்டுப் போக வேண்டும் என்று புலிகள் சொன்னதும், எங்கள் தாராபுரத்து வீட்டை விட்டு வாப்பாவும் உம்மாவும் நாங்களும் ஆளுக்கொரு பையோடு வெளிக்கிட்டபோது நான் அப்போதுதான் படிப்பிக்கத் தொடங்கிய ஆசிரியை. பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டில். பகலில் பிள்ளைகளுக்குக் கணிதம், மிச்ச நேரத்தில் என் சொந்தப் படிப்பு, அப்படியே ஏறி ஏறி இந்தத் துறைக்கு வந்தேன். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது எங்கள் குசினிக்குள், அடுப்பு இருந்த இடத்தில், வேம்பு வளர்ந்து நின்றது. ஊரிலேயே இல்லாதவர்களை எப்படி ஊர்க்காரர் என்று எடுப்பது என்று ஒரு அரசாங்கக் கந்தோரில் என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். எங்களை நாங்களா தூக்கிப் போட்டோம்? அதனால் தூக்கிப் போடு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு நெஞ்சு எரியும். இது விஞ்ஞானம் இல்லை என்று சொல்வீர்கள். சரி, இல்லைத்தான்.

யோகேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம், அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. பாப்பாமோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் சண்டையில் போய்விட்டான். வலது கெண்டைக்காலில் பழைய தழும்பு ஒன்று. நடக்கும்போது அந்தக் காலைப் பதித்து வைக்க மாட்டாள்.

"ஷெல் விழுந்து பங்கர் இடிஞ்சதில பட்டது, டீச்சர். காயம் மாறீட்டுது. நோவு மாறேல்லை. இடைக்கிடை வீங்கும், பிறகு வத்தும். சேத்துக்க இறங்கினா உயிர் போகும்."

"எக்ஸ்ரே எடுத்தவையோ?"

"ரெண்டு தரம். ஷெல் பீஸ் ஒண்டும் இல்லையாம். முகாமில பாத்த டொக்டர், இது காலில இல்லை, மனசில எண்டார். இழப்புக்குப் பிறகு இப்பிடி வருமாம். நித்திரைக் குளிசை தந்தவர்." அவள் சிரித்தாள். "நித்திரை நல்லா வந்தது, டீச்சர். கால்தான் முழிச்சுக்கொண்டு கிடந்தது."

அவளுக்கு வேறு ஒரு அவசரமும் இருந்தது. புருஷனுடைய வயல் திரும்பக் கிடைத்திருந்தது. மழை தொடங்க முதல் விதைக்க வேண்டும். அவளால் வயலில் இறங்க முடியாவிட்டால் புருஷனின் தம்பி அதைச் செய்வதாகச் சொல்லியிருந்தான்.

"ஒரு போகம் அவன்ர கைக்குப் போனா, பிறகு அது அவன்ர வயல்தான்," என்றாள். "அவன் கெட்டவன் எண்டு சொல்லேல்லை. ஆனா அதுதான் நடக்கும்."

ஸ்கான் செய்தோம். கணினி ஓடி முடிந்து படம் வந்தது. நீலம், பச்சை, வழுவழுவென்ற கரை. கிரிக்கெட் விளையாடுகிற பெடியனின் கால்போல ஒரு கால். அவள் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"மெஷினும் ஒண்டும் இல்லை எண்டுதோ?"

"கொஞ்சம் இருங்கோ," என்றேன். அவளை இரக்கத்தால் இருத்தினேன் என்று நினைக்காதீர்கள். இரக்கத்துக்கு என்னிடம் நேரம் இருக்கவில்லை, வெளியே வரிசை நின்றது. நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன், அவ்வளவுதான். படம் வந்தவுடன் அதை நம்புவதில்லை. அந்தப் படத்தை வைத்து, தசை எப்படி அசைந்திருக்க வேண்டும் என்று முன்னோக்கிக் கணக்கிட்டு, உண்மையில் அளந்த அசைவோடு ஒப்பிடுவேன். இரண்டும் பொருந்தாமல் நிற்கிற வித்தியாசத்தை மீதி என்போம். நல்ல படமென்றால் மீதி எங்கும் சின்னதாகச் சிதறிக் கிடக்கும். யோகேஸ்வரியின் காலில் மீதி முழுவதும் ஒரே இடத்தில் திரண்டு நின்றது, தழும்புக்குக் கீழே, ஆழத்தில். படம் அழகாக இருந்தது, ஆனால் அந்த இடத்தில் அது பொய் சொன்னது.

அன்று மத்தியானமே கொழும்புக்குப் போன் எடுத்தேன்.

பேராசிரியருக்கும் ஏற்கெனவே ஒரு குறை இருந்தது. மன்னாரிலிருந்து போகிற தரவில் வரம்புக்கு மேலே போகிற பெறுமானங்கள் அதிகமாம். வேறெங்கும் இப்படி இல்லையாம்.

"மிஸ்ஸியின்ர கை நடுங்குது போல," என்றார். "இல்லாட்டிக் கரண்ட் பிரச்சினை. அங்க கழுதை கத்தினாலும் மெஷினில பதியும். கழுதை டேட்டாவை வச்சு நான் றிப்போர்ட் எழுதேலாது. மோசமான ஆக்களைத் தூக்கிப்போட்டு மிச்சத்தை அனுப்புங்கோ."

"மோசமான ஆக்கள் எண்டு யாரைச் சொல்றீங்கள்?"

"ஆக்களைச் சொல்லேல்லை. டேட்டாவை."

"எனக்கு முன்னால ஆக்கள்தான் இருக்கினம்."

அவர் சிரித்தார். அடுத்த கிழமைக்குள் கொழும்பு ஆய்வுகூடத்தில் கழுதை டேட்டா என்பது எங்களுக்குப் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. மின்னஞ்சலில் ஒரு தம்பி கழுதைப் படம் போட்டு அனுப்பினான். நான் பதிலுக்கு, கழுதைகள் நலம், உங்களை விசாரித்தன என்று எழுதினேன்.

ஆனால் பகிடி வேறு, வேலை வேறு. பேராசிரியர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். கை நடுங்கியிருக்கலாம், கூரை அதிர்ந்திருக்கலாம். கோபம் வந்துவிட்டதால் நான் சொல்வது உண்மை ஆகிவிடாது. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் மேலேயிருந்து இப்படி ஒரு போன் வரும். அப்போது பணிந்துபோவதும் பிழை, வெறுமனே முறைத்துக்கொண்டு நிற்பதும் பிழை. நான் என்னையே கேட்டேன்: இது பிழை என்றால் எப்படி நடந்துகொள்ளும்? பிழைக்கு வீடு வாசல் இல்லை. கையை மாற்றினால் இடம் மாறும், நாளை மாற்றினால் இடம் மாறும்.

யோகேஸ்வரியைத் திரும்பக் கூப்பிட்டேன். மிஸ்ஸிக்குப் பதிலாக நானே கருவி பிடித்தேன். அதிர்வுப் பெட்டியை மறுபக்கம் கட்டினேன். மின்சாரத்தை நிறுத்தி பற்றரியில் ஓட்டினேன். மிஸ்ஸி வாசலில் தும்புத்தடியோடு நின்று கழுதைகளைத் துரத்தினார். காற்று விழுந்த வேளையில் ஒரு தரம், காற்று வீசிய வேளையில் ஒரு தரம் எடுத்தோம். ஒவ்வொரு தரமும் மீதி அதே இடத்தில், அதே சரிவில் குந்தியிருந்தது.

அதற்குப் பிறகுதான் மென்பொருளில் கை வைத்தேன். உச்ச வரம்பை எடுத்தேன். பக்கத்துப் புள்ளிகள் ஒரே மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கையையும் தளர்த்தினேன்: கடினம் சட்டென்று மாறலாம், ஆனால் அப்படி மாறுகிற கரைகள் கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும் என்று மாற்றி எழுதினேன். கணக்கு அரை நாள் ஓடியது. படம் அசிங்கமாக வந்தது. கரை பிய்ந்து, நிறம் திட்டுத் திட்டாக, யாருக்கும் காட்ட முடியாத படம். அதன் நடுவில் ஒல்லியாக, சுண்டுவிரல் நீளத்தில், தசை எதுவும் இருக்க முடியாத கடினத்தோடு ஒன்று சரிந்து கிடந்தது.

கடினமான, நீளமான, எக்ஸ்ரேக்குத் தெரியாத ஒன்று. நான் கதிரையை இழுத்துக்கொண்டு போய் யோகேஸ்வரிக்கு முன்னால் இருந்தேன்.

"தங்கச்சி, அந்தப் பங்கருக்கு மேல என்ன போட்டிருந்தனீங்கள்?"

"என்ன போடுறது? சுத்திவரச் சீலையைத் தைச்சு மண் நிரப்பி அடுக்கினது. மேல பனை மரம் தறிச்சுப் போட்ட குத்தி."

"ஷெல் விழேக்க குத்திக்கு என்ன நடந்தது?"

"சிதறிப் போச்சு." பிறகு தன் காலைக் குனிந்து பார்த்தாள். "இரும்பைத்தானே எல்லாரும் தேடினவை, டீச்சர். நானும் இரும்பெண்டுதான் நினைச்சன்."

எங்கள் பக்கத்து வைத்தியம் எல்லாம் அப்போது அப்படித்தான் இருந்தது. உடம்புக்குள் எது போனாலும் அது பீஸ், பீஸ் என்றால் இரும்பு, இரும்பென்றால் எக்ஸ்ரேயில் தெரியும், தெரியாவிட்டால் மனசு. எத்தனையோ பேரின் உடம்பிலிருந்து இரும்பு எடுத்த கைகள் அவை, பழகிவிட்டன. பனை வைரம், மரம்தானே, எக்ஸ்ரேயில் நிழல்கூடக் காட்டாது. அதற்கு மேலே எங்கள் மென்பொருள் வேறு, இப்படி ஒரு கடினம் கிடையாது என்று அதைத் துடைத்துவிட்டது. இரண்டு அறிவாளிக் கூட்டமும் சேர்ந்து அவளைப் பொய்க்காரி ஆக்கியிருந்தோம்.

ஆனால் நான் எழுதிய கணக்கு எனக்கு வேண்டியதைக் காட்டவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? அன்று தாராபுரத்துக்குப் போய் அண்ணன் மனைவியான என் மச்சியின் குசினியில், தசைக்குப் பதிலாக வைத்துப் பார்க்கக் கடற்பாசி காய்ச்சினேன். நோன்புக்குக் காய்ச்சுவதுபோலத்தான், சீனியும் பாலும் இல்லாமல், நல்ல இறுக்கமாக. ஸ்கானுக்கு உள்ளே ஏதாவது பட்டுத் தெறிக்க வேண்டுமே என்று கொஞ்சம் அரிசிமா கலந்தேன். இரண்டு சட்டியில் ஊற்றி, ஒன்றுக்குள் பனையில் பிளந்த சிராம்பு ஒன்றைச் செருகினேன்.

மச்சி ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். "பல்கலைக்கழகத்தில படிச்சவங்க காய்ச்சினா இப்பிடித்தானா இருக்கும்?"

"இது தின்னுறதுக்கு இல்ல."

"அது விளங்குது."

பழைய மென்பொருளுக்கு இரண்டு சட்டியும் ஒன்றாகவே தெரிந்தது. என்னுடையது ஒரு சட்டியில் சிராம்பைக் காட்டியது, மற்றதில் ஒன்றும் இல்லை என்றது. இந்த இரண்டாவது சட்டிதான் முக்கியம், பிள்ளைகளே. இருப்பதைக் காட்டுவதோடு, இல்லாததை இல்லை என்றும் சொல்ல வேண்டும். அந்த வெறும் சட்டி இல்லாமல் நான் ஒரு வைத்தியருக்கு முன்னால் வாய் திறந்திருக்க மாட்டேன்.

வெளியூரிலிருந்து இடைக்கிடை வந்து போகிற சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் எங்கள் திட்டத்துக்கு உதவினார். குறைவாகப் பேசுகிறவர். என் படத்தை நீட்டினேன். எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன, மழையில நனைஞ்ச படமோ?"

"அசிங்கமாத்தான் இருக்கும். நடுவில பாருங்கோ."

"மிஸ், கணக்கை நம்பி நான் கத்தி வைக்கிறதில்லை."

"கத்தி வைக்கச் சொல்லேல்லை. ஸ்கானைப் பிடிக்கிற கையை இந்தச் சரிவுக்குத் திருப்பச் சொல்றன். வேற ஒண்டும் வேண்டாம்."

அவருக்குக் கோபம் வந்தது. எனக்கும் வந்திருந்தது. ஆனாலும் கருவியை எடுத்து, என் கணக்குச் சொன்ன சரிவில் வைத்து, ஆழத்தைக் கூட்டிப் பார்த்தார். முந்தி எல்லோரும் காலுக்குக் குறுக்காகவே பிடித்திருந்தார்கள். அப்படிப் பிடித்தால் அது ஒரு புள்ளியாகத்தான் தெரியும். இப்போது திரையில் வெள்ளையாக ஒரு கோடு வந்தது, அதற்குக் கீழே கறுப்பாக நிழல். அவர் கருவியை எடுக்காமல் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய தழும்பு கல்லாப் போனாலும் இப்பிடித் தெரியும்," என்றார் கடைசியில். "நரம்புக்குப் பக்கத்தில கிடக்குது. திறந்தா பாதத்தில உணர்ச்சி குறையலாம். திறந்து பாத்து ஒண்டும் இல்லையெண்டா அவவுக்கு இன்னொரு காயம்தான் மிச்சம். அவவோட கதையுங்கோ."

இதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த இடம். பேராசிரியரோடு சண்டை பிடிப்பது சுகம், அவர் தூரத்தில் இருக்கிறார். யோகேஸ்வரி முன்னால் இருந்தாள். வைத்தியர் சொன்னதை ஒன்றும் குறைக்காமல் சொன்னேன்.

"நீங்கள் என்ன சொல்றீங்கள், டீச்சர்? இருக்குதோ?"

"கடினமா ஒண்டு இருக்கு. அது நிச்சயம். அது பனை எண்டது என்ர யோசனை. தழும்பெண்டா வெட்டினது வீண்."

"இருக்கெண்டு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். வெட்டட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. "அதுக்காக வெட்டுப்படாதேங்கோ," என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "உங்களை நம்பினதுக்கு நன்றியா நீங்கள் காலைத் தரத் தேவையில்லை. கால் உங்கட. வீட்ட போய் யோசிச்சு, உங்கட நியாயத்தோட வாங்கோ. என்ர நியாயம் வேண்டாம்."

முகம் சுண்டிப்போய்த்தான் எழுந்து போனாள். இனி வரமாட்டாள் என்றே நினைத்தேன். சந்தை நாளில் மீன் வாங்க வந்தவள், மீன் பையோடு களஞ்சிய வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"யோசிச்சன். வெட்டாட்டி வயலுக்க இறங்கேலாது, அது முடிஞ்ச முடிவு. வெட்டினா ஒருவேளை இறங்கலாம், ஒருவேளை இறங்கேலாது. எனக்கு இதில போறதுக்கு என்ன கிடக்கு? இது என்ர நியாயம். இவ்வளவு காணுமோ?"

"காணும்," என்றேன்.

சத்திரசிகிச்சை நடந்த அன்று நான் ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியபடி துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனையோ சமன்பாடுகளைத் தீர்த்திருக்கிறேன், அன்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தழும்பாக இருந்தால் அந்த மனுஷியின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற ஒரே பயம்தான். நிபுணர் வெளியே வந்து, ஒரு சின்னத் தட்டை எனக்கு முன்னால் பிடித்தார். கறுப்பாக, ஈரமாக, சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று. நுனி இன்னும் கூராக இருந்தது.

"பனை," என்றார். உள்ளே போய்விட்டார். நான் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

இந்தக் கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

செய்தி கொழும்புக்குப் போனது. பேராசிரியரே போன் எடுத்தார். குரலில் தேன் வழிந்தது.

"அருமையான வேலை. அந்தப் படத்தைக் கொஞ்சம் துப்புரவாக்கி அனுப்புங்கோ. றிப்போர்ட்டுக்கு அட்டைப் படம் அதுதான்."

"வரம்பை எடுக்கிறீங்களோ?"

"எந்த வரம்பு?"

"அவவின்ர காலைத் துடைச்ச வரம்பு. அதை எடுக்கோணும். மன்னாரில தூக்கிப் போட்ட எல்லாரையும் திரும்ப உள்ளுக்கு எடுத்து, ஒவ்வொராளாப் பார்க்கோணும்."

"ஒண்டு சரி வந்ததுக்காக எல்லாக் குப்பையையும் உள்ளுக்கு எடுக்கேலாது."

"ஒண்டையாவது பார்த்துப்போட்டா தூக்கினீங்கள்?"

அவர் மறுபடி அட்டைப் படத்தையே கேட்டார். நான் சொன்னேன்: "அப்ப படம் இல்லை. அவ உங்கட கழுதை டேட்டாவில ஒராள். மற்றவை வெளியில நிக்க அவ மட்டும் அட்டையில ஏற மாட்டா."

என்னைத் திட்டத்திலிருந்து எடுத்தார்கள். கருவியைக் கொழும்புக்குத் திருப்பி ஏற்ற லொறி வருவதற்குக் கொஞ்ச நாள் இருந்தது. அந்த நாட்களில் மிஸ்ஸியும் நானும் தூக்கப்பட்ட ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திரும்பப் பார்த்தோம். ஒளிக்காமல் சொல்கிறேன், முக்கால்வாசி உண்மையிலேயே பிழைதான். பெட்டியைக் கட்டிய பட்டி இளகியது, கை அசைந்தது, கூரை அதிர்ந்தது. அந்த அளவுக்குப் பேராசிரியர் சொன்னது சரி. மிச்சப் பேரில் சிலருக்குக் கல்லாய் இறுகிய தழும்பு. ஒருவருக்கு உள்ளே கண்ணாடி இருந்தது. அவர் முசலிப் பக்கத்து மீன்பிடிக்காரர். எக்ஸ்ரேகூட எடுக்காமல் அவருக்கும் மனசு என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அறிக்கை என் பெயர் இல்லாமல் வந்தது. மன்னாரில் முடிவுகள் மிகத் தெளிவு என்று எழுதியிருந்தது. அட்டைக்குப் படம் கிடைக்காததால், வடக்குத்தானே என்று ஒரு பனைமரத்தைப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் மச்சி குசினியிலிருந்து ஓடி வந்தாள்.

அந்த மென்பொருள் பிறகு ஆளுக்கு ஆள் கைமாறியது, மெருகேறியது, பெயர் மாறியது. வரம்பு மட்டும் மாறவில்லை. போன மாதம் உங்கள் திரையில் அதே வழுவழுப்பைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டேன். தம்பி, உன்னில் எனக்குக் கோபம் இல்லை, அந்த வரியை நீ எழுதவில்லை. ஆனால் அது யாருடைய காலைப் பார்த்து எழுதியது என்று இனி உனக்குத் தெரியும். அதை எடுத்துவிட்டுத் திரும்ப ஓட்டு. படம் அசிங்கமாக வரும், தலைவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். மீதியைப் பார். ஒரே இடத்தில் குந்தியிருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அதுவும் சரி, பார்த்துவிட்டுத் தூக்கு. பாராமல் தூக்காதே.

லொறி போன பிறகு எனக்கு மன்னாரில் வேலை இருக்கவில்லை. புத்தளம் பஸ் ஏறுவதற்கு முதல் பாப்பாமோட்டைக்குப் போனேன். முதல் மழை பெய்து நிலம் இளகியிருந்தது. யோகேஸ்வரி சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் மட்டும் சேற்றில் நின்றாள். வரம்பில் அவளுடைய புருஷனின் தம்பி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நல்ல முகம், மரியாதையான ஆள். என்னைக் கண்டு வணக்கம் சொன்னான்.

"அண்ணி கஷ்டப்படுறா," என்றான். "நான் செய்யிறன் எண்டு சொன்னனான், கேக்கிறா இல்லை."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "கால் எப்பிடி, தங்கச்சி?" என்று அவளைக் கேட்டேன்.

"சின்ன விரலில உணர்ச்சி இல்லை. நோவும் இருக்கு." அவள் வலது காலைச் சேற்றிலிருந்து இழுத்து, ஒரு அடி முன்னுக்கு வைத்து, முழுப் பாரத்தையும் அதில் போட்டு ஊன்றினாள். "இது வேலை செய்த நோ, டீச்சர். இதைக் கண்டு கனகாலம்."

பிறகு வரம்பில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மச்சான், நிண்டு பார்க்கிறதெண்டாப் பாருங்கோ. இறங்கிறதெண்டாக் கூலிக்கு இறங்குங்கோ. வயல் என்ர."